சார்ந்திருப்பவர்கள் இரண்டு பேர்

சனிக்கிழமை சாயங்காலம் குட்டியின் கைபேசிக்கு வந்த செய்தியில் இரண்டே வரிகள். ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் தரப்பிலிருந்து ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவார். விண்ணப்பத்தில் குறிப்பிட்டவர்கள் வீட்டில் இருக்கட்டும்.

குட்டி அதை நான்கு முறை படித்தான். நான்கு முறையும் அது அப்படியேதான் இருந்தது.

குட்டிக்கு வயது முப்பத்தெட்டு. பிறந்தபோது வைத்த பெயர் சான்றிதழ்களில் பத்திரமாக இருந்தது. வீட்டிலும் மாடிப்படியிலும் அவன் குட்டிதான். இரண்டு பட்டம், ஒரு டிப்ளமா, பாதியில் நின்ற ஓர் ஆராய்ச்சி. பதினாறு வருடங்களாக வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். கேட்பவர்களிடம் அம்மா அப்படித்தான் சொல்வாள். கேட்டவர்களில் சிலர் இதற்குள் ஓய்வே பெற்றுவிட்டார்கள்.

போன வாரம் ஒரு பூட்டுக் கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போயிருந்தான். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் ஃபோன் செய்வார்கள். பதறாமல் பதில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. மேனேஜருக்கு நாற்பது வயதிருக்கும். அடர்ந்த மீசை. மேசையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"இங்க குழந்தைங்களுக்கு இடமில்ல," என்றார். "சொந்தமா முடிவெடுக்கறவங்க வேணும். குடும்பத்தைத் தாங்கறவங்க வேணும்."

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். குட்டி தன் கையால் நிரப்பிய முதல் படிவம் அது. அதுவரை அம்மா நிரப்புவாள். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் அவன் கையெழுத்துப் போடுவான். 'உங்களைச் சார்ந்திருப்பவர்கள்' என்று ஒரு கட்டம். பக்கத்தில் இருந்தவர் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார் என்று எழுதி, இடம் போதாமல் தாளைப் பின்பக்கம் திருப்பினார். குட்டி பேனாவைக் கடித்தான். பிறகு எழுதினான். இரண்டு பேர். அப்பா, அம்மா. 'காரணம்' என்று இன்னொரு கட்டம் இருந்தது. அப்பா வெளியே போவதில்லை. அம்மா எதற்கும் என்னைத்தான் கேட்பார்.

எழுதும்போது அது பொய்யாகவே தெரியவில்லை. கட்டம் நிறைந்த திருப்தி மட்டும் இருந்தது.

அப்பாவுக்கு அறுபத்தேழு வயது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். காலை ஆறு மணிக்குக் காரில் ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் இறங்குவார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள். அம்மா அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர், பதினோரு வருடங்களாக. அந்தக் கட்டடத்தில் அவளைக் கேட்காமல் ஒரு பல்பு எரியாது. அவள் பால்கனியில் நின்று பார்த்தால் தண்ணீர் லாரி தானாகவே பின்னால் போகும்.

அப்பா வீட்டுக்கு வந்து காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது குட்டி விஷயத்தைச் சொன்னான்.

அப்பா தேய்ப்பதை நிறுத்தினார். "நான் எத்தனை நாளா வெளிய போகல?"

"ரெண்டு வருஷமா."

"ஏன்?"

"அதுக்குக் கட்டம் இல்லப்பா."

அப்பா தன் பங்குக்குச் சில வார்த்தைகள் சொன்னார். அவற்றில் ஒன்றிரண்டு, சிக்னலில் குறுக்கே வருகிறவர்களிடம் மட்டும் அவர் பயன்படுத்துபவை. அம்மா குறுக்கே வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியை ஒரு முறை படித்தாள். ஒரு மணி நேர விஷயம்தான் என்றாள். பிள்ளைக்கு முதல்முதலாக ஒரு வேலை கை கூடி வரும்போது, அவனை நம்பிப் பிழைப்பதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் உடம்பு தேய்ந்துவிடாது என்றாள். பிறகு ஒரு தாளை எடுத்து, 'குடும்பத் தலைவன் செய்ய வேண்டியவை' என்று தலைப்புப் போட்டு, பதினேழு குறிப்புகள் எழுதிக் குட்டியிடம் கொடுத்தாள். காலைக்குள் மனப்பாடம் செய்யச் சொன்னாள். ஒன்பது மணிக்கு ஒப்பிக்க வைத்தாள். பதினான்கு சரியாக இருந்தது.

அப்பாவுக்கு நாற்காலி ஜன்னலோரம் போடப்பட்டது. வெளியே போகாதவர் எப்படி உட்காருவார் என்று அவர் பல விதமாக உட்கார்ந்து பார்த்தார். எல்லா விதத்திலும் வலது கால் மட்டும் பிரேக்கைத் தேடியது.

பத்து மணியாக இருபது நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். வந்தது ஓர் அம்மாள். அறுபதைத் தாண்டியவர். கையில் குடை, தோளில் பை. பூட்டுக் கம்பெனி விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னார்.

"இவ்வளவு வயசானவங்களையா அனுப்புவாங்க?" என்று சமையலறையில் குட்டி கிசுகிசுத்தான்.

"ரிட்டயரானவங்களைத்தான் அனுப்புவாங்க. அவங்க கண்ணுலதான் எதுவும் தப்பாது," என்றாள் அம்மா. "போ. காபி நீதான் போடணும். ஆறாவது பாயின்ட்."

அம்மா கூடத்துக்குப் போய் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய கைகள் சும்மா இருந்ததை அப்பா அன்றுதான் பார்த்தார்.

குட்டி அலமாரிகளைத் திறந்தான். காபித்தூள் எங்கே இருக்கிறது என்று ஆறாவது பாயின்ட்டில் இருந்தது. டம்ளர் எங்கே என்று இல்லை. ஒன்பது கதவுகள் திறந்து மூடும் சத்தம் கூடத்தில் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மாவின் உடம்பு நாற்காலியிலிருந்து அரை அங்குலம் எழுந்து உட்கார்ந்தது. கடைசியில் குட்டி மூன்று கிண்ணங்களில் காபி கொண்டுவந்தான். தங்கள் வீட்டில் கிண்ணத்தில்தான் குடிப்போம் என்றான். அப்பா அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். பிறகு தான் அந்த வீட்டுக்காரர் என்பது ஞாபகம் வந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வந்தவர் நிறையக் கேட்டார். தம்பி காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், யாராவது எழுப்ப வேண்டுமா, கோபம் வந்தால் கத்துவாரா, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாரா, கூட இருப்பவர்களோடு ஒத்துப்போவாரா. அம்மா ஒவ்வொன்றுக்கும் குட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவன் என்ன சொல்றானோ அதுதாங்க," என்றாள். எழுதிக் கொடுத்ததும் அவள்தான் என்பதால் குட்டியின் பதில்கள் எல்லாம் நன்றாகவே வந்தன.

அப்போது வாசலில் மணி அடித்தது. கூடவே லிஃப்ட் மெக்கானிக்கின் குரல்.

"குட்டி, கதவைத் தொற."

"யாரு குட்டி?" என்றார் வந்தவர்.

குட்டி யோசிக்கவில்லை. "பூனைங்க."

"பூனை கதவைத் தொறக்குமா?"

"பழக்கியிருக்கான்," என்றார் அப்பா.

வந்தவருக்குப் பூனை என்றால் பிரியம் போலிருக்கிறது. எங்கே அது, என்ன சாப்பிடும் என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்குப் பூனையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாள். சாப்பாட்டில் பிடிவாதம், ஒரு நாள் தின்றதை மறுநாள் தொடாது, ராத்திரியெல்லாம் விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்கும், யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளறையில் போய் ஒளிந்துகொள்ளும், ஆனால் மனசு தங்கம்.

"என்ன வயசாகுது?"

"முப்பத்தெ..."

"மூணு," என்றான் குட்டி. போய்க் கதவைத் திறந்தான்.

மெக்கானிக் அவனைத் தாண்டி அம்மாவைப் பார்த்தே பேசினார். லிஃப்டின் கம்பியில் சத்தம் வருகிறது, இப்போதே நிறுத்திப் பார்ப்பதா, நாளைக்கு வைத்துக்கொள்வதா, செக்ரட்டரி அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். செக்ரட்டரி அம்மா குட்டியின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு என்னப்பா தெரியும்? நீ சொல்லு."

மெக்கானிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருடங்களாக அந்தக் குரலுக்கு நடுங்கியவர். அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று மெதுவாக விசாரித்தார். வயதாகிவிட்டதால் எல்லாம் தன் பொறுப்புதான் என்றான் குட்டி. எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு நிமிடம் அவன் வாழ்க்கையில் வந்ததில்லை. "உடனே நிறுத்துங்க," என்றான். குரலே வேறு மாதிரி வந்தது. லிஃப்ட் நின்றது. வீடு இருப்பது நான்காவது மாடியில்.

பத்து நிமிடத்தில் படியேறி மூச்சு வாங்க ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்தார். அப்பாவின் மாணவி. நாற்பது வகுப்பு முடித்தும் காரைப் பின்னால் எடுக்க வராது. மறுநாள் திங்கட்கிழமை அவருக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

"என்ன சார் கீழ வராம இங்க உக்காந்திருக்கீங்க? இன்னிக்கு ஒரு கிளாஸ் எக்ஸ்ட்ரான்னு சொன்னீங்களே."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா நீ?"

பல் டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. நாற்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்து திட்டியவர் இப்படிக் கேட்டால் யாருக்கும் விழும். வந்தவர் குடையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குட்டி இடையில் பாய்ந்தான். டிரைவிங் ஸ்கூல் தன்னுடையதுதான், ஓய்வு நேரத்தில் தானே சொல்லிக்கொடுக்கிறேன், அப்பா முன்னொரு காலத்தில் எப்போதாவது துணைக்கு வருவார், அந்தப் பழக்கத்தில் டாக்டர் கேட்கிறார் என்றான். பல் டாக்டர் வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், தண்ணீர் லாரியைப் பார்க்கிற மாதிரி. டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

வந்தவர் சந்தோஷப்பட்டார்.

"கார் ஓட்டுவீங்களா? நல்லதாப் போச்சு. லிஃப்ட் வேற நின்னு போச்சு. நாலு மாடி இறங்கி அப்புறம் பஸ்ஸுக்கு நிக்க என் முட்டி தாங்காது. வீட்டுல விட்டுடுங்களேன்."

குட்டிக்குக் கார் ஓட்டத் தெரியாது. இருபது வயதில் அப்பாவிடம் பதினொரு நாள் போனான். அவன் பிரேக்கை நினைப்பதற்கு முன்பே அப்பா மிதித்துவிடுவார். பன்னிரண்டாவது நாள் தலைவலி என்று படுத்துக்கொண்டான். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

அப்பாவுக்குக் காற்றாட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருப்பதாகவும், அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றும் அம்மா யோசனை சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ சரின்னாதான்," என்று சேர்த்துக்கொண்டாள். தன் வகுப்பை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பல் டாக்டரும் வருவதாகச் சொன்னார்.

பள்ளிக் காரில் பெடல்கள் இரண்டு பக்கமும் உண்டு. ஸ்டீயரிங் பக்கம் மூன்று, வாத்தியார் பக்கம் மூன்று. குட்டி ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்தான். அப்பா பக்கத்தில். பின் சீட்டில், வந்தவரும் பல் டாக்டரும்.

படியிறங்கும்போதே அப்பா காதோடு காதாகச் சொல்லியிருந்தார். "காலை மேல வச்சுக்கோ. எதையும் மிதிக்காதே. ஒரு இருமல்னா இடது, ரெண்டுன்னா வலது."

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார். இடுப்புக்கு மேலே அவர் இரண்டு வருடம் கழித்து உலகத்தைப் பார்க்கிறவர். இடுப்புக்குக் கீழே கிளச்சும் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும். கார் அலுங்காமல் நகர்ந்தது.

"அட, இவ்வளவு கடை வந்துடுச்சா," என்றார் அப்பா, இரண்டாவது கியருக்கு வேகம் கொடுத்தபடி.

கியர்தான் சிக்கலாக இருந்தது. அது கைக்காரியம். குட்டியின் கை கியர்க் கம்பியின் மேல் வெறுமனே இருந்தது. அப்பா தன் கையை அதன் மேல் வைத்து அழுத்தி மாற்றினார். ஒரு முறை என்றால் பரவாயில்லை. ஐந்தாறு முறை ஆனதும் வந்தவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"அப்பாவுக்கு வண்டின்னா பயம்," என்றான் குட்டி. "என் கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் உக்காருவார்."

வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளை," என்றார்.

ரவுண்டானாவில் அப்பாவுக்கு உண்மையாகவே தொண்டை கமறி, இருமல் இரண்டிரண்டாக வந்தது. இருமினார். குட்டி வலது பக்கம் திருப்பினான். மறுபடி இருமினார். மறுபடி திருப்பினான். தண்ணீர் பாட்டில் பின்னால் இருந்தது. மூன்று முறை சுற்றினார்கள். நடுவில் நின்ற போக்குவரத்துக்காரர் இரண்டாவது சுற்றில் சல்யூட் அடித்தார்; அவரும் அப்பாவிடம் கற்றவர்தான். மூன்றாவது சுற்றில் அவரே பயந்து ஒதுங்கினார்.

"இண்டிகேட்டர் போடவே இல்ல," என்றார் பல் டாக்டர். நாற்பது நாளாக அவர் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தது. "கண்ணாடி பாக்கல. கோட்டைத் தாண்டிட்டார். இதெல்லாம் நான் பண்ணினா..."

"உங்களுக்குத் தப்பு எதுன்னு காட்டத்தான் பண்றேன்," என்றான் குட்டி. டாக்டர் உடனே கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

பெரிய சாலையை விட்டு ஒரு சந்தில் திரும்பினார்கள். எதிரே ஒரு தள்ளுவண்டி, பக்கத்தில் நிறுத்திவைத்த பைக்குகள், நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இருமல் வரவில்லை. குட்டி காத்திருந்தான். பிறகு காத்திருக்க இடமில்லை. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் ஒடித்தான். வண்டிக்கும் நாய்க்கும் நடுவில் கார் நூல் பிடித்த மாதிரிப் போய் வெளியே வந்தது. நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அப்பா பாட்டிலை இறக்கினார். அவர் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அதை அவர் மிதித்திருக்கவில்லை.

வந்தவரின் வீடு அந்தச் சந்தின் முடிவில் இருந்தது. கார் நின்றது. அவர் இறங்கிக் குட்டியின் பக்கம் வந்தார். எல்லாம் திருப்தி என்றார். வீட்டில் பெற்றவர்களைக் குழந்தை மாதிரி வைத்துத் தாங்குகிற ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டதாகவும், வேறு எதையும் விசாரிக்கப் போவதில்லை என்றும் சொன்னார். பூனையை ஒரு நாள் வந்து பார்க்க வேண்டுமாம்.

வேலை கைக்குள் வந்துவிட்டது. குட்டி செய்ய வேண்டியது ஒன்றுதான். வாயைத் திறக்காமல் தலையை ஆட்ட வேண்டும். அப்பா அவன் தொடையில் விரலால் தட்டினார், போகலாம் என்று.

குட்டிக்கு மறுநாள் காலை கண்ணுக்குத் தெரிந்தது. ஃபோன் அடிக்கும். சாவியைத் தொலைத்தவர் யாரோ வாசலில் நின்று அழுவார். அவன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு இருமலுக்குக் காத்திருப்பான்.

கதவைத் திறந்து இறங்கினான்.

"மேடம், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது," என்றான். "அப்பாதான் ஓட்டினார். ஸ்கூல் அவரோடது. அம்மா என்னைக் கேட்டு எதுவும் செய்யறதில்ல, நான்தான் அவங்களைக் கேக்கறேன். காலையில அவங்கதான் எழுப்பணும். டம்ளர் எங்க இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல பூனை கிடையாது. குட்டி நான்தான்."

பல் டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

வந்தவர் குடையைக் கை மாற்றிக்கொண்டார். இந்தத் தெரு வரைக்கும் வந்தும் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லையா என்று கேட்டார். முடியவில்லை என்றான். யார் சொல்லச் சொன்னது, அப்பாவா, அம்மாவா என்றார். யாரும் சொல்லவில்லை, தானாகத்தான் என்றான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அப்பாவின் ஜன்னலருகே குனிந்து, முதலில் பெடல்களைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்குத் தம்பியைக் கம்பெனி கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டாப் போதும், நீங்க உள்ள வர வேண்டாம்," என்றார். "அங்க இருக்கற மேனேஜரை நானும் ஆறு வருஷமா அப்படித்தான் விட்டுட்டு வர்றேன், என் பையன்தான்."